முதலைக்கு வயிற்றுவலி

இடப்பக்கம் இரண்டு சாய்கோடு, கீழே ஒரு குச்சி, வலப்பக்கம் கோயில்: காத்திருத்தல். இடப்பக்கம் இரண்டு சாய்கோடு. இரண்டா, ஒன்றா? கார்டைத் திருப்பினால் தெரிந்துவிடும், திருப்பினால் அது படிப்பில்லை, பிட் அடிப்பது, எழுபத்தொரு வயதில் பிட் அடித்து எந்த உத்தியோகத்துக்குப் போகப்போகிறேன், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலால் ஒரு சாய்கோடு போடுகிறேன், அடுத்ததைப் போடுவதற்குள் டேங்கர் லாரி ஓட்டும் ஏழுமலை, "சார், ஹோஸு ஆடுது, ஒரு கை புடிச்சுக்கோ" என்கிறார், பிடித்துக்கொள்கிறேன், பிடித்த கைதான் எழுதுகிற கை, போயிற்று, கோயில் போயிற்று, குச்சி போயிற்று, சம்ப்புக்குள் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் மண்டையை நிரப்புகிறது. மேடவாக்கத்தில் இந்த அடுக்ககத்துச் சங்கத்துக்கு நான் செயலாளர். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டம் நடந்த அன்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன், ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள், வாயைத் திறக்க முடியவில்லை, கைதட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து லாரி வந்தால் நான்தான் பக்கத்தில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அரை லாரியை இறக்கிவிட்டு முழு லாரி என்று சொல்லிவிடுவார்களாம், நின்றாலும் எனக்கு எப்படித் தெரியும், லாரிக்குள் குதித்தா பார்ப்பேன், ஆனாலும் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை. பத்து மணிக்கு ஜப்பானிலிருந்து வீடியோ கால். அதற்குள் இந்தக் காத்திருத்தல் கைக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் என் கதையில் வருகிற முதலை நடுரோட்டில் அநாதையாக நின்றுவிடும்.

ஏழுமலை எட்டிப் பார்க்கிறார், இன்னா சார் சீட்டு, ரம்மியா என்கிறார், ஜப்பான் எழுத்து என்கிறேன், அதற்குப் பெயர் என்ன என்கிறார், கன்ஜி என்கிறேன், சொல்லும்போதே தெரியும் என்ன வரப்போகிறது என்று, வருகிறது, கஞ்சி குடிக்கிற வயசுல கஞ்சி படிக்கிறியே சார் என்று. இதே ஜோக்கை மருந்துக் கடைக்காரர் சொன்னார், இஸ்திரிக்காரர் சொன்னார், என் மச்சினி போன் போட்டுச் சொன்னாள். எனக்கு ஜோக்கின் மேல் கோபமில்லை, ஒவ்வொருவரும் அதைத் தாங்களே அப்போதுதான் பெற்றெடுத்த மாதிரி பூரித்துச் சிரிக்கிறார்களே, அதன் மேல்தான். நானும் சிரித்துவைக்கிறேன், சிரித்த நேரத்துக்கு ஒரு எழுத்து படித்திருக்கலாம். நேரம் எங்கே இருக்கிறது? ஒரு மனிதன் ஓய்வு பெற்றுவிட்டான் என்று தெரிந்ததும் உலகம் அவனிடம் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் பேசுகிறது, சும்மாதானே இருக்கீங்க. சும்மாதானே இருக்கீங்க, என் பாஸ்புக்கை வரவு போட்டுட்டு வந்துடுங்களேன். சும்மாதானே இருக்கீங்க, கேஸ்காரன் வந்தா எங்க வீட்டுச் சிலிண்டரையும் வாங்கி வைங்க. முப்பத்திரண்டு வருஷம் மெடிக்கல் ரெப்பாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேனே, அப்போது எனக்கு டீ குடிக்க நேரம் இருந்தது, சலூனில் உட்கார்ந்து முழுப் பேப்பரையும் படிக்க நேரம் இருந்தது, சும்மா இருக்கத் தொடங்கிய பிறகுதான் மூத்திரம் போகக்கூட முறை வைக்க வேண்டியிருக்கிறது. அந்த முறையைக்கூட நான் விடவில்லை, கழிவறையில் ஒரு கார்டு, பால் பொங்குவதற்குள் ஒரு கார்டு, என் மனைவி ரஞ்சிதத்துக்கு முழங்கால் பயிற்சி கொடுக்கிற பெண் வந்துபோகும்வரை இரண்டு கார்டு, போன மாதம் ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் அந்த ரப்பர் குமிழ்களை ஒட்டிய நிலையில் ஒன்று, அந்தக் கோடு கொஞ்சம் கோணலாக வந்ததாம், டாக்டர் பயந்துவிட்டார், பிறகு உற்றுப் பார்த்தால் என் நெஞ்சு 'மலை' என்று ஜப்பான் எழுத்தில் எழுதியிருந்தது. நம்ப மாட்டீர்கள், சரி, விடுங்கள்.

கார்டு என்றால் வேறொன்றும் இல்லை, கம்பெனி எனக்குக் கடைசியாக அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டுகள். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது கட்டுக் கட்டாக வந்தன. முன்பக்கம் கா. வேதரத்தினம், மருந்து விற்பனைப் பிரதிநிதி, பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் ஒரு எழுத்து, மூலையில் பொடியாக அர்த்தம். ஒருநாள் பிளம்பர் உங்க நம்பர் குடுங்க சார் என்றார், பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டேன், அதோடு 'கிழக்கு' போய்விட்டது, ஒரு வாரம் எனக்கு மற்ற மூன்று திசைகள்தான். கிழக்கு சுலபம், மரத்துக்குப் பின்னால் சூரியன். இளைப்பாறல் சுலபம், மரத்தில் சாய்ந்த மனிதன். கூரைக்கு அடியில் பெண் இருந்தால் அமைதியாம், இதைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் கல்யாணமாகாதவன், இதை ரஞ்சிதத்திடம் சொன்னேன், அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிராமலே, கூரைக்கு அடியில ஆம்பளை இருந்தா என்னவாம் என்றாள், அதற்கு எழுத்து கண்டுபிடிக்கவில்லை என்றேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டி மனதில் ஏற்றுவதுதான் வழி என்று ஜப்பானில் இருக்கும் என் மகள் பூங்கோதை சொல்லிக் கொடுத்தாள், கதை கட்டுவதை எனக்கா சொல்லித் தர வேண்டும், அங்கேதான் வந்தது வினை. மற்றவர்கள் கட்டுகிற கதை எழுத்தோடு நின்றுவிடும். என் கதை நிற்காது. இந்தக் காத்திருத்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் குடும்பத்தின் செருப்புகளுக்குக் காவல் நிற்கிற மனிதன், அவ்வளவுதான் தேவை. ஆனால் நான் அவனுக்கு மாசிலாமணி என்று பெயர் வைத்தேன், திருவாரூர் கோயில் என்று வைத்தேன், கூட்டம் அதிகம் என்று வைத்தேன், உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது மகளுக்குக் கல்யாணமாகி இடுப்பில் குழந்தை இருந்தது, மருமகன் இவனைப் பார்த்து, செருப்புக்கு டோக்கன் எங்கே என்று கேட்டான். மாசிலாமணியின் மகளுடைய செருப்பு பச்சை வார், இடது காலில் ஒரு பூ உதிர்ந்திருந்தது, அது எனக்குத் தெரியும். அவன் இடப்பக்கம் எத்தனை சாய்கோடு என்பது தெரியாது. ஒன்று என்றால் அது வேறு எழுத்து, சாமுராய். போன தடவை எழுதிக் காட்டினேன், கோதை விழுந்து விழுந்து சிரித்தாள், அப்பா, உங்க முதலை அங்க காத்திருக்கல, சாமுராயா ஆயிடுச்சு என்று. வாள் வைத்த முதலை. அதற்கும் ஒரு கதை மூளைக்குள் கிளம்பியது, காதைத் திருகி உட்கார வைத்தேன்.

கீழ்த்தளத்துச் சம்பத் லுங்கியோடு வருகிறார், லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றால் கதவு திறப்பதற்குள் ஒரு யோசனை செய்கிறதாம், அதைக் கவனிக்க வேண்டுமாம். கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு லிஃப்ட் எதற்கு, கேட்கவில்லை, கேட்டால் கால் மணி நேரம். லிஃப்ட்டும் யோசிக்கட்டும் சம்பத், இந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் யோசிக்க வேண்டாமா என்கிறேன், அவர் சிரிக்காமல், தண்ணி கலங்கலா இருக்கே என்று சம்ப்பை எட்டிப் பார்க்கிறார். கலங்கல்தான், என் மண்டையும்தான். இரண்டு சாய்கோடு. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம், மாசிலாமணிக்கு இரண்டு கை, இரண்டு கையிலும் செருப்பு, ஆ, பிடித்துவிட்டேன், இரண்டு கை இரண்டு கோடு, இனி மறக்காது. மறக்காதா? பிடித்துவிட்டேன் என்று நேற்றும் சொன்னேனோ? நேற்றும் இதே இரண்டு கையில் செருப்பைக் கொடுத்தேனோ? அந்த மாதிரிதான் இருக்கிறது. நேரமில்லை, அதுதான் காரணம், உட்கார்ந்து அரை மணி நேரம் தொடர்ந்து படித்தால் நிற்கும், யாருக்கும் நிற்கும். நேரமில்லாததால்தான்.

மொரிதாவுக்கு முன்னால் இன்று தப்பக் கூடாது. மொரிதா என் சம்பந்தி. கோதை ஒகயாமா பக்கம் ஒரு சின்ன ஊரில் ஷுன் என்ற பையனைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறாள், அந்த ஷுனின் அப்பா. கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க வேலை பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் அந்த முகம் போகவில்லை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கிராம் குறைகிற மாதிரி பார்ப்பார். கல்யாணமான புதிதில் வீடியோவில் உட்கார்ந்து, பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் வளர்த்த கிளி அவர் ஊரில் இல்லாத நாட்களில் மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்ததையும், கையெழுத்து டாக்டருடையதைவிட நன்றாக இருந்ததால் மருந்துக் கடைக்காரர் சந்தேகப்பட்டதையும் பத்து நிமிஷம் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கோதை கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி இரண்டே சொல் சொன்னாள். அவர் தலையாட்டினார். என்னடி சொன்னே என்றேன். அப்பா நலமா இருக்கார்னு சொன்னேன் என்றாள். நான் கொதித்துப் போனேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, அவர் நம்பிடுவார். தராசு பார்த்த மனுஷன். எந்தக் கிளி, எந்த வருஷம், அதுமேல நடவடிக்கை எடுத்தாங்களான்னு கேப்பார். நான் எங்க போவேன்?" அதோடு போகவில்லை. போன வருஷம் ஒருநாள் பேச்சுவாக்கில், மாமாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்பா என்றாள், ஏனாம் என்றேன், நீங்க அதிகம் பேசாதவராம், உங்கப்பா மாதிரி அமைதியான மனுஷனை நான் பார்த்ததில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்றார். அதிகம் பேசாதவர். நான். உடுமலைப்பேட்டையில் நான் ஒரு டாக்டர் அறைக்குள் நுழைந்தால் வெளியே காத்திருக்கும் நோயாளிகள் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து வாங்காமலே குணமாகி வீட்டுக்குப் போவார்கள். கடல் தாண்டி ஒரு தேசத்தில் நான் ஊமையாகப் பதிவாகியிருக்கிறேன், முத்திரை குத்தியாயிற்று.

போனில் மொழிபெயர்க்கிற வசதி இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, அதையும் பார்த்தேன், முதலைக் கதையைச் சொல்லி அனுப்பினேன், மறுநாள் காலை ஷுன் பதறிக்கொண்டு கூப்பிட்டான், முதலை கடித்து நான் வயிற்றில் தையல் போட்டுப் படுத்திருப்பதாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, அவன் அம்மா எனக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டுவிட்டாளாம். இயந்திரத்துக்கு மொழி தெரியும், பொய் சொல்லத் தெரியாது, பொய்க்கு என்று ஒரு நடை இருக்கிறது, எங்கே மெதுவாகப் போக வேண்டும் எங்கே ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று. ஆகவே நானே இறங்கினேன். பேசக் கற்றுக்கொண்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன், அதற்குள் மொரிதாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, கருவி வைத்தும் பலனில்லை, இப்போது அவரிடம் யார் என்ன சொல்வதானாலும் காகிதத்தில் எழுதி முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள். சுலபமான எழுத்தும் அவர்களிடம் உண்டு, க, கி, கு மாதிரி, அது எனக்கு வந்துவிட்டது, அதிலேயே எழுதேன் என்றால், அதில் மட்டும் எழுதுவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி இருக்குமாம், எழுபத்தொரு வயதில் பொய் சொல்லப் புறப்பட்டவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு போவதா? ஆகவே இந்தச் சித்திரக் கூட்டம். இந்தக் கோயில், இந்தக் குச்சி. போன ஞாயிறு கோதை சொன்னாள், மாமா இனிமே வீடியோ கால்ல உட்காரலைங்கிறார்பா, ஒண்ணும் கேக்காம சும்மா தலையாட்டறது உங்களுக்கு அவமரியாதைன்னு நினைக்கிறார், அடுத்த வாரம் மட்டும் வந்து முறையா விடை வாங்கிட்டுப் போவார் என்று. நீ வேணாம்னு சொல்லேன் என்றேன். சொன்னேம்ப்பா, உங்கப்பாவும் பேசறதில்லை, நானும் கேக்கறதில்லை, ரெண்டு பேரும் எதுக்கு உட்காரணும்ங்கிறார். அடுத்த வாரம் என்றால் இன்று. இன்று பத்து மணி.

லாரியின் அடிவயிறு காலியாகிற சத்தம், கொட கொட, ஏழுமலை ஹோஸை உதறிச் சுருட்டுகிறார், என் வேட்டியில் பாதி நனைந்துவிட்டது, கையிலிருந்த கார்டும், மை கரைந்து மாசிலாமணி நீலமாக ஒழுகுகிறான். சீட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார், போடுகிறேன், வேதரத்தினம் என்று தமிழில், இதாவது யோசிக்காமல் வருகிறதே. மேலே போக லிஃப்ட்டில் ஏறினால் மூன்றாவது மாடியில் நிஜமாகவே யோசிக்கிறது, கதவுக்கும் சுவருக்கும் நடுவே நானும் சாயம் போன கார்டும், இந்த இருட்டுப் பெட்டியில்தான் அது வருகிறது, வரவே கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது. தை மாதம் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த வரிசையில் நாலு பேர் கிடைத்தார்கள், முதலைக் கதையை எடுத்தேன். அமராவதி அணைக்குப் போகிற ரோடு, ராஜ்தூத் வண்டி, ரோட்டுக்குக் குறுக்கே முதலை, அதற்கு வயிற்றுவலி, கண்ணில் நீர், நான் பையைத் திறந்து வாயுத் தொந்தரவுக்கான சாம்பிள் மாத்திரை இரண்டு அட்டை போடுகிறேன், அது ஒரு ஏப்பம் விடுகிறது, அணையில் தண்ணீர் ஓரடி ஏறுகிறது, பிறகு, பிறகு, பிறகு. ஒன்றுமில்லை. வாய் திறந்திருக்கிறது, நாலு பேர் முகம் என்னைப் பார்த்திருக்கிறது, சாம்பார் வாசனை வருகிறது, பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக நானே பெற்று நானே வளர்த்த பொய். பின்வரிசையிலிருந்து ரஞ்சிதம் குரல், "அடுத்த மாசமும் அதே மைல்கல்லுகிட்ட காத்துக்கிட்டு இருந்துச்சு, டூர் தேதி அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலை." கரண்ட் பில் எண்ணைச் சொல்கிற குரலில். எல்லாரும் சிரித்தார்கள், ஜோடியாகச் சொல்லி வைத்துச் செய்கிறோம் என்று நினைத்தார்கள். வீடு வருகிற வரை ஆட்டோவில் அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை, மொரிதா சொல்கிற அந்த அமைதியான மனிதனாகத்தான் வந்தேன். மறுநாளிலிருந்து எழுத்தின் எண்ணிக்கையைக் கூட்டினேன். கோதை ஆச்சரியப்பட்டாள். நான் எதற்காகப் படிக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும், ஒரு பொய் சொல்வதற்காக. எதைப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. ரஞ்சிதத்துக்கு முடிவு தெரியும், கேட்ட சிநேகிதர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேருக்கும் முடிவு தெரியும், என் கதையில் ஒன்றைக்கூடக் கேட்காத கிழவர் என்று உலகத்தில் இன்னும் ஒருவர்தான் பாக்கி, அவருக்குக் காது கேட்காது. கதவு திறக்கிறது.

மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது, ஆனாலும் இந்த வீடு என்னை விடாது. ரஞ்சிதம் அடுக்களையிலிருந்து, ஏங்க, மோட்டார் போட்டாச்சா, நாலாவது மாடியிலிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாங்க என்கிறாள், போட்டாச்சு என்கிறேன், போடவில்லை, இறங்கி ஓடுகிறேன், லிஃப்ட்டை நம்பாமல் படியில், இரண்டு கை இரண்டு கோடு, இரண்டு கை இரண்டு கோடு, மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டு ஏறும்போது இரண்டாவது மாடியில் ஹேமலதா மேடம் கதவைத் திறந்து, சார் சும்மாதானே என்று தொடங்குகிறார், இல்லை மேடம் என்று ஏறிவிடுகிறேன், என் ஆயுளில் ஒரு பெண்பிள்ளையின் பேச்சை நடுவில் வெட்டியது அதுவே முதல் தடவை. மூச்சு வாங்குகிறது. நனைந்த வேட்டியை மாற்ற நேரமில்லை, மேலே மட்டும் வெள்ளைச் சட்டை. சின்ன வெள்ளைப் பலகை, கறுப்பு மார்க்கர், அழிக்க ரஞ்சிதத்தின் பழைய புடவைத் துண்டு. பலகையில் ஒரு வாக்கியம்தான் கொள்ளும், எழுதிக் காட்டி, அழித்து, அடுத்தது. முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்களேன் என்று ரஞ்சிதம் சொல்லிப் பார்த்தாள். முடியாது. பார்த்து எழுதினால் அது கதை இல்லை, அறிக்கை. மொத்தம் ஐந்தே வாக்கியம். ஐந்தாவதில்தான் காத்திருத்தல் வருகிறது.

திரை வெளிச்சமாகிறது. கோதை, அவள் பக்கத்தில் ஷுன், நடுவில் மொரிதா, கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, முடியில் படிந்த சீப்புத் தடம். விடை வாங்க வந்தவர் அல்லவா, எடை போட்ட மாதிரி நேராக உட்கார்ந்திருக்கிறார். குனிந்து வணங்குகிறார். நானும். அவர் ஏதோ தொடங்குவதற்குள் நான் பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன், இளமையில் நான் மோட்டார் சைக்கிளில் போவேன். தூக்கிக் காட்டுகிறேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு முன்னால் சாய்கிறார். அப்பா, என்ன பண்றீங்க என்கிறாள் கோதை, நான் காதில் வாங்கவில்லை, அழிக்கிறேன், ஒருநாள் ரோட்டில் முதலை இருந்தது. ஷுன் வாய் திறந்துகொள்கிறது. மொரிதா ஷுனைப் பார்க்கிறார், திரும்ப என்னைப் பார்க்கிறார். முகத்தில் ஒன்றுமில்லை. நான் என் முகத்தை ஒன்றும் தெரியாதவன் மாதிரி வைத்திருக்கிறேன், உள்ளுக்குள் நெஞ்சு ராஜ்தூத் மாதிரி அடிக்கிறது, வருகிறது, எல்லா எழுத்தும் வருகிறது, வரிசையாக வந்து உட்காருகிறது, முதலைக்கு வயிற்றுவலி, எழுதிக் காட்டுகிறேன். மொரிதா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுப் படிக்கிறார். நல்ல இடம் இது, இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். மெதுவாக அழிக்கிறேன். நான்காவது. நான் அதற்கு மருந்து கொடுத்தேன். நான் என்று எழுதியாயிற்று. மருந்து. மருந்து.

மருந்து. மேலே ஏதோ இருக்கும். இல்லை, கீழே. இதற்குக் கார்டுகூடக் கிடையாது, இதுதான் நான் முதன்முதலில் கற்ற எழுத்து, இதற்குக் கதைகூடக் கட்டவில்லை, முப்பத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்ட சொல், இதை யாராவது மறப்பார்களா என்று கார்டு போடவில்லை. காத்திருத்தல் வருகிறது, இரண்டு கை இரண்டு கோடு, கோயில், துல்லியமாக வருகிறது, அது வேண்டாம், அது அடுத்தது, மருந்து எங்கே? மார்க்கர் பலகைக்கு மேலே நிற்கிறது, நுனி உலர்கிற வாசனை. ஒன்றாம் வகுப்பு எழுத்திலாவது எழுது, க, கி, கு, அதுவும் வெள்ளையாக இருக்கிறது. தாம்பரத்துச் சாம்பார் வாசனை. இது நேரமில்லாததால் அல்ல. இது அது. அடுத்தது எழுதுங்க என்கிறாள் ரஞ்சிதம் மிக மெதுவாக, காமிராவுக்குத் தெரியாத பக்கத்தில் அவள் கை என் முதுகில் இருக்கிறது, அவளுக்குக் கதை தெரியும், முடிவு தெரியும், அந்த மொழி தெரியாது, இந்தத் தடவை அவளால் எடுத்துக் கொடுக்க முடியாது. "அப்பா," என்கிறாள் கோதை, "என்னன்னு என்கிட்ட சொல்லுங்க. அப்படியே சொல்றேன், ஒண்ணும் மாத்தலை." தலையை ஆட்டுகிறேன், வேண்டாம். முதலை நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது, நான் பையைத் திறந்து கையை விட்டால் பை காலி. மொரிதா என் பலகையில் இருக்கிற ஒற்றை எழுத்தை, நான் என்பதை, ரொம்ப நேரம் பார்க்கிறார். பிறகு எழுந்து போகிறார். நாற்காலி காலி. ஷுன் பின்னாலேயே ஏதோ கேட்கிறான், கேட்டு என்ன, அவருக்குக் கேட்காது. போய்விட்டார். விடைகூட வாங்கவில்லை. கிழவன் தன்னை வைத்து ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார், முதலையாவது வயிற்றுவலியாவது, தராசு பார்த்த மனிதர், குறைந்த எடைக்கு முத்திரை போட மாட்டார். பலகையைக் கீழே வைக்கிறேன். ஷுன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி குனிகிறான். அவன் குனிந்த தலைக்குப் பின்னால் நாற்காலி நகர்கிறது.

மொரிதாதான். கையில் ஒரு பெரிய காலண்டர் தாள், கிழித்து எடுத்தது, போன மாதத்துடையது, பின்பக்க வெள்ளையை மேலே திருப்பித் தொடையில் விரித்துக்கொள்கிறார். தடித்த பேனா. அவசரமில்லாமல் எழுதுகிறார், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு விட்டு. ஷுன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறான், பார்த்தவன் அப்பாவின் முகத்தை இதுவரை பார்த்திராதவன் மாதிரி பார்க்கிறான், பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பிக்கிறது, கோதை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மொரிதா தாளை இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கிக் காமிராவுக்கு நேரே காட்டுகிறார். தாளுக்கு மேலே அவர் கண்கள் மட்டும், முத்திரை குத்துகிற கண்கள், ஒரு கிராம்கூட ஆடவில்லை. நான் திரைக்கு முகத்தைக் கொண்டுபோகிறேன். முதலில் நேற்று. நேற்று எனக்குத் தெரியும். அப்புறம் முதலை. முதலை! அப்புறம் தெரியாது, தெரியாது, பிறகு என் வீடு, அதாவது அவர் வீடு, முதலை அங்கேயா போயிற்று, பிறகு பெட்டி பெட்டியாக ஏழெட்டு எழுத்து, ஒன்றும் தெரியாது, கடைசிக்குச் சற்று முன்னால் ஒன்று, மேலே புல், கீழே சுகம். மருந்து. சீ, இதுதானே. புல்லுக்கு அடியில் சுகம், இவ்வளவுதானே, இதற்கா இந்தப் பாடு.

"அப்பா," கோதைக்குச் சிரிப்பில் குரல் உடைகிறது, "மாமா என்ன எழுதியிருக்கார்னா..."

"வாயை மூடு," என்கிறேன். "நீ சொன்னா நான் நலமா இருக்கேன்னுதான் வரும். நானே படிச்சுக்கிறேன். அடுத்த ஞாயிறு பதில் எழுதறேன்னு மட்டும் அவர்கிட்ட காட்டு. உட்காரச் சொல்லு."

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் பக்கம் நீட்டுகிறாள். மொரிதா தாளை இறக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் படிக்கிறார், ஒரு தடவை தலையை அசைக்கிறார், வேண்டுமென்றே என்னை வெறுப்பேற்றுகிற மாதிரி மிகச் சிறிதாக. ரஞ்சிதம் என் சட்டைப் பையிலிருந்து கார்டுகளை எடுத்து வெள்ளைப் பக்கம் மேலாக ஒவ்வொன்றாக வைக்கிறாள், நான் அந்தப் பெட்டிகளைக் கோடு கோடாகப் பார்த்து இறக்குகிறேன், பாதியில் வாசல் மணி அடிக்கிறது, வெளியே சம்பத் குரல், லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஹேமலதா மேடமாம், யோசிக்கட்டும், இருவருமே யோசிக்கட்டும், ரஞ்சிதம் எழுந்து போகிறாள், ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு வால், இந்த ஆள் வேண்டுமென்றேதான் இவ்வளவு கடினமாக எழுதியிருக்கிறார், எமகாதகன், திரையில் தாளின் மூலை லேசாக நடுங்குகிறது, கை வலிக்கும் அவருக்கும், என் வயதுதானே, கடைசி எழுத்தின் கடைசிக் கோட்டைப் போட்டு நான் நிமிர்ந்து கும்பிடுகிற வரைக்கும் அவர் தாளை இறக்கவில்லை.